நாற்பத்தொரு கூடை மண்

மருதமுத்து 1943 வைகாசியில் தன் வீட்டுக் கொல்லையிலிருந்த எருக்குழிக்குள் இறங்கினான். இரண்டு வருஷமும் மூன்று மாதமும் கழித்து, இடது காது ஒன்று நீங்கலாக முழுசாக வெளியே வந்தான். மலாக்காவை ஒட்டிய காஜா பெராங்கில் இதை யாரும் பெரிய விஷயமாகச் சொல்வதில்லை. ஜப்பான்காரன் ஆண்ட அந்த வருஷங்களில் அரிசி விற்ற விலையைத்தான் அவர்களால் இன்னும் நம்ப முடியவில்லை.

அவன் மலாக்கா டவுனில் தெருக்கூட்டும் வேலை பார்த்தவன். மார்க்கெட்டில் மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுக்கிய வாழைத்தண்டு, மீன் குடல், அழுகிய பப்பாளி எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவான். அடுக்கடுக்காகப் போட்டு, சாணம் கரைத்து ஊற்றி, பத்து நாளைக்கு ஒருமுறை புரட்டிப் போடுவான். கட்டிய பெண்டாட்டி பூங்காவனத்தைவிடக் குழியைத்தான் நன்றாகக் கவனிக்கிறான் என்று தெருவில் கேலி உண்டு. சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடிக்கும் லாரி ஒரு காலையில் தெருமுனையில் திரும்பியபோது அவனுக்கு ஓட வேறு இடம் இல்லை. குதித்தான், வாழை இலையை மேலே இழுத்துப் போட்டுக்கொண்டான். "அவரு நேத்தே லாரியில ஏறிப் போயிட்டாரே" என்று பூங்காவனம் சிப்பாய்களிடம் சொன்னாள். அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள்.

முதல் வாரம் அவித்த மரவள்ளிக்கிழங்கை இலைக்கடியில் நீட்டினாள், ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. மூன்றாம் வாரம், "பசிக்கல புள்ள. காஞ்சு கெடக்கேன், கொஞ்சம் தண்ணி தெளி" என்றது குரல். ஆடி மாதம் அவள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். தலையும் இல்லை, உடம்பும் இல்லை. வெதுவெதுப்பான கறுத்த மண் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து தண்ணீர் தெளித்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கவலைதான்: யார் காட்டிக்கொடுப்பார்கள்? ஒளிந்திருப்பவனைக் காட்டினால் அரை மூட்டை அரிசி என்று பேச்சு இருந்தது. அரை மூட்டைக்கு அந்தத் தெருவில் யார் என்ன செய்வார்கள் என்று கடவுளுக்கே தெரியாது. அவள் சந்தேகமெல்லாம் பக்கத்து வீட்டுக் கருப்பையா மேல்தான். ஜப்பான்காரனின் பயிர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை, எந்நேரமும் வேலிக்கு மேலே கழுத்து. "ஒங்க கத்திரிக்கா மட்டும் எப்படி தங்கச்சி இப்படிக் காய்க்குது?" என்று ஒருநாள் கேட்டார். பூங்காவனம் ஒரு கத்திரிக்காயைப் பறித்து அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். அடுத்த வாரமே ஒரு ஜப்பான் அதிகாரி மண்வெட்டி ஏந்திய நான்கு ஆட்களோடு கொல்லைக்கு வந்து நின்றான். கருப்பையாதான் அழைத்துவந்தார்.

அதிகாரி மண்ணை அள்ளி மோந்து பார்த்தான், மெச்சித் தலையாட்டினான். ஊரெல்லாம் கிழங்கும் காயும் போட உத்தரவு இருந்ததால், தெருவின் நாற்பத்தொரு வீட்டுக்கும் ஆளுக்கொரு கூடை என்று அங்கேயே சொல்லிவிட்டான். வெட்டினார்கள். ஒரு எலும்பு இல்லை, ஒரு முடி இல்லை. புருஷனைக் கூடை கூடையாகத் தூக்கிப் போவதைப் பார்த்தபடி பூங்காவனம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் பார்க்காத சமயம் ஒரு பிடி அள்ளி மடியில் கட்டியவள், பயத்தில் அதைப் பின்வாசலில் கிடந்த பிஸ்கட் டின்னில் கொட்டிவிட்டு மறந்தும் போனாள். பின்னால் அதில் யாரோ கறிவேப்பிலைக் கன்று வைத்தார்கள், அவளேதான்.

அதன்பிறகு உப்பு கேட்கிற சாக்கிலும் நெருப்பு கேட்கிற சாக்கிலும் அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பாத்திகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அவள் தலை தெரிந்ததும் பேச்சு நின்றது, அரிசிப் பானை கட்டிலுக்கடியில் போனது. ஜப்பான்காரனுக்கு ஆள் காட்டுகிறவள் அவள்தான் என்று தெருவே முடிவு கட்டியிருந்தது. அவளுக்கு அது தெரியாது. அவளும் அவர்களைப் பற்றி அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

1945 ஆவணியில் ஜப்பான்காரன் சரணடைந்த சேதி வந்தது. என்ன சொல்லி மண்ணைத் திருப்பிக் கேட்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதே, கருப்பையா கூடையைத் தலையில் சுமந்துகொண்டு வந்து இறக்கினார். பூந்தொட்டி மண்ணைக்கூடச் சுரண்டிக் கொண்டுவந்திருந்தார்.

"அளந்து பாத்துக்கோ தங்கச்சி. நாங்க சோறு திங்கறப்பலாம் இது இருமும். நான் யார்கிட்டயும் மூச்சு விடல. குழியில அவன் இருந்தது தெரிஞ்சிருந்தா அந்தப் பாவிய நான் கூட்டியாந்திருப்பனா?"

அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். நாற்பத்தொரு வீட்டிலும் மண் இருமியிருக்கிறது. அடுத்த வீட்டுக்காரன் போட்டுக்கொடுத்துவிடுவான் என்று பயந்து ஒவ்வொருவரும் தனக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாகப் பொத்தி வைத்திருக்கிறார்கள். ஒருவரையொருவர் நம்பியிருந்தால் எவராவது வாய்விட்டிருப்பார்கள், மருதமுத்து செத்திருப்பான்.

எல்லாவற்றையும் குழியில் கொட்டித் தண்ணீர் தெளித்தாள். மூன்றாம் நாள் மருதமுத்து எழுந்து வந்து வேட்டி கேட்டான். இடது காது இருந்த இடம் வழவழவென்று இருந்தது. பூங்காவனம் உடனே அஞ்சலையை நினைத்தாள். எதிர்வீட்டு அஞ்சலை கொண்டுவந்த கூடைதான் குறைவாக இருந்தது. "மழையில கரைஞ்சிருச்சிக்கா" என்று சொல்லியிருந்தாள். அதை யார் நம்புவது? ஒன்பது வருஷம் அவளோடு பேச்சில்லை. பின்வாசலில் பாத்திரம் துலக்கும்போதெல்லாம் அவளைத் திட்டித் தீர்த்தாள்.

1954இல் பிஸ்கட் டின் துருப்பிடித்து உடைந்தது. செடியைத் தரையில் வைக்கலாம் என்று பூங்காவனம் வேரைக் கிளறிய அரை மணி நேரத்தில், சில மைல் தள்ளி கிளேபாங்கில் தோட்ட வேலையிலிருந்த மருதமுத்து சைக்கிளை வேர்க்க விறுவிறுக்க மிதித்துக்கொண்டு வந்து நின்றான். "கிளறாத புள்ள, கூசுது!"

வேருக்கு நடுவே காது இருந்தது.

"அப்ப நான் அஞ்சலையத் திட்டினதெல்லாம்..."

"எங்க போனாலும் கேக்கும். பொண்டாட்டி கொரல்னா அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்."

வெட்கத்தில் அவளுக்கு அழுகை வந்தது. ஒரு கட்டுக் கறிவேப்பிலையைப் பறித்துக்கொண்டு தெருவைக் கடந்து அஞ்சலை வீட்டுக் கதவைத் தட்டினாள். காதை எடுத்தால் செடி பட்டுப்போகும் என்று மருதமுத்து அதை அப்படியே விட்டுவிட்டான். இப்போது அது கூரை உயரத்துக்கு வளர்ந்த மரம். மத்தியானம் உலை இறக்கியதும் பூங்காவனம் அதனடியில் போய் நின்று, "சோறு ஆயிருச்சு" என்பாள். கிளேபாங்கில் அவன் கைகழுவிவிட்டுச் சைக்கிளை எடுப்பான்.