பத்து நிமிட ரீலோட்

"ஐயோ சுதன், திரை அப்பிடியே நிண்டிட்டுது. எதை அமத்தினாலும் ஒண்டும் வருகுதில்லை."

"என்னத்தை அடிச்சனி?"

லவீனா திரையை அவன் பக்கம் திருப்பினாள். அவள் அடித்த கட்டளை கடைசி வரியில் அப்படியே கிடந்தது. கோப்பாய் அலுவலகத்தில் இருந்தபடியே குருநகர் இணையக் கோபுரத்தில் இணைப்புகளைப் பிரித்தனுப்பும் சுவிச்சுக்குள் நுழைந்து, விக்கி விக்கிப் போய்க்கொண்டிருந்த கோயில் நேரலைக்கென்று தனியாக நாற்பதாம் இலக்கப் பாதையைத் திறக்கப் போனவள் அவள். இருக்கிற பாதைகளோடு நாற்பதையும் சேர் என்று அடித்திருக்க வேண்டும். அவசரத்தில் 'சேர்' என்பதை விட்டுவிட்டாள். நாற்பது மட்டும் போதுமாக்கும் என்று சுவிச் மற்றதெல்லாவற்றையும் மூடிவிட்டது, அவள் உள்ளே போன பாதையும் நேரலை போன பாதையும் உட்பட.

அங்கே தேவாலயத்தில் யோசப்பினின் இறுதிப் பூசை. மகன் ஜஸ்ரின் கனடாவில், வர வழியில்லை. மூன்றரைக்குப் பெட்டியை மூடுவார்கள். தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவனுக்கு அந்த நேரலைதான் இருந்தது. மணி மூன்று பத்து.

"மோட்டச்சைக்கிள் திறப்பைத் தா, நான் போறன்."

"நீ போய்க் கோபுரத்திலை ஏற முன்னம் பெட்டியை மூடிப்போடுவினம். இரடி விசரி. சேவ் பண்ணினியோ?"

"எங்கை பண்ணுறது? அதுக்குள்ளை அறுந்திட்டுது."

"அப்ப தப்பினாய்."

ஜெயசுதனும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தூரத்துச் சுவிச் எதிலும் கைவைக்க முன்னர், பத்து நிமிடத்தில் நீயாகவே அணைந்து எழும்பு என்று ஒரு 'ரீலோட்' போட்டுவைப்பான். வேலை சரிவந்தால் ரத்துச் செய்வான். பயந்தாங்கொள்ளி என்று அவள் பழிப்பாள். இன்று அவள் உள்நுழைந்ததும், தேத்தண்ணி ஊற்றப் போகிற போக்கில் எட்டி ஏதோ தட்டிவிட்டுப் போனானே, அதுதான் இது.

"இன்னும் ரெண்டு நிமிசத்திலை உது படுக்கும், எழும்ப அஞ்சாறு நிமிசம் எடுக்கும். நீ ஆடின கூத்து சேவ் ஆகேல்லை. பழைய மாதிரியே வரும்."

மூன்று பதினெட்டுக்குச் சுவிச் பதில் சொன்னது. லவீனாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"நாற்பதைத் திறக்கட்டோ?"

"தொடாதை! விக்கி விக்கியெண்டாலும் போகட்டும்."

நேரலை விக்கி விக்கித்தான் போனது. வெள்ளைப் பூக்களுக்கு நடுவில் யோசப்பினின் முகம். அதன் கீழே ஜஸ்ரின் 'அம்மா' என்று மட்டும் எழுதியிருந்தான்.

"உனக்கு நான் கோயில்தான் கட்டோணும்" என்றாள் லவீனா. கண் கலங்கியிருந்தது.

"கோயில் கிடக்கட்டும். தேத்தண்ணி ஆறிப்போச்சு, புதிசா ஊத்து."

பின்னேரம் ஜஸ்ரின் அழைத்தான். "தங்கச்சி, இடையிலை நிண்டிட்டுது, பயந்துபோனன். நீங்கள்தான் திருப்பி எடுத்துத் தந்தனீங்களாம், பூசை வைச்ச சுவாமி சொன்னவர். சாகும்வரை மறக்கமாட்டன்."

"இல்லை அண்ணை, எடுத்துத் தந்தது சுதன்..." என்று தொடங்கினாள். மறுமுனையில் அவன் விம்மத் தொடங்கிவிட்டான். நிறுத்தியதே என் கைதான் என்பதைச் சொல்லாமலே அவள் அவனைத் தேற்றி அழைப்பை முடித்தாள்.

போன் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. திருப்பி அழைத்து உண்மையைச் சொல்லலாமா, அந்த நன்றியை அப்படியே அவன் மனதில் விட்டுவிடலாமா? நீங்களென்றால் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்?