பொன்னையாவோடு குத்த ஒரு ஆள்

அந்தச் செய்தி வீட்டுக்குள்ளே வந்ததே மீனம்மா சுற்றின சுற்றில்தான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால்தான் டைனமோ வேலை செய்யும். டைனமோ வேலை செய்தால்தான் ரேடியோ கதைக்கும். பற்றரி என்ற சாமானை உருத்திரபுரத்துச் சனம் கண்ணால் கண்டு வருசக்கணக்காகிவிட்டது. அன்றைக்கும் அவள் சுற்றிக்கொண்டிருந்தாள், புருசன் பொன்னையா ரேடியோவோடு காதை ஒட்டிக்கொண்டிருந்தான். அமெரிக்காவில் நாற்பத்தைந்து வயது ஆள் ஒருவர், பத்து வருசம் சண்டையை விட்டு வீட்டில் இருந்தவர், திரும்பி வந்து பொக்சிங்கில் உலகப் பட்டத்தை எடுத்துவிட்டாராம்.

"நிறுத்தாத, சுத்து, சுத்து!" என்று பொன்னையா கத்தினான்.

கை நோகுது என்று சொல்லிவிட்டு அவள் அப்போதே குசினிக்குள் போயிருக்கலாம். போகவில்லை. அந்த மடைத்தனத்துக்கு மூன்று மாசமாய் அனுபவிக்கிறாள்.

பொன்னையாவுக்கு நாற்பத்தாறு, மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கின காலத்தில், அங்கத்தைய தொழிலாளர் பொக்சிங் போட்டியில் மூன்று வருசம் தொடர்ந்து சம்பியன். கடைசிப் போட்டியில் வென்றான், ஆனால் வலது மணிக்கட்டு முறிந்தது. மூட்டை தூக்கு, மண்வெட்டி பிடி, இனி இந்தக் கையால் மனுசனைக் குத்தாதே என்று டாக்குத்தர் சொல்லி அனுப்பினார். அடுத்த வருசம் எழுபத்தேழுக் கலவரம். உடுத்த துணியோடு வன்னிக்கு வந்தவர்கள்தான். வென்றெடுத்த கப்புகள் கலவரத்தில் எரிந்துபோன கதையை அவன் ஆயிரம் தரம் சொல்லியிருப்பான். கேட்கிறவர்கள் "ஓம் ஓம்" என்பார்கள். அந்த ஓம் எப்படிப்பட்ட ஓம் என்று மீனம்மாவுக்குத் தெரியும்.

மாசியில் விளையாட்டுப் போட்டி வைக்கிறோம் என்று சனசமூக நிலையத்துப் பெடியள் சொன்னதும் மனுசன் போய் நின்றான். அரசாங்கத்துக்கும் இயக்கத்துக்கும் பேச்சுவார்த்தை நடக்குது, சண்டை நின்று ஊர் கொஞ்சம் மூச்சு விட்டிருந்த நேரம், பெடியளுக்கும் புதினமாய் ஏதாவது வேண்டியிருந்தது. சங்கக்கடைப் பலகையில் வெண்கட்டியால் எழுதிப்போட்டார்கள்: "ஞாயிறு, கடைசி நிகழ்ச்சி பொக்சிங். முன்னாள் சம்பியன் பொன்னையா, எதிர்..." எதிருக்குப் பிறகு வெறும் புள்ளிகள்.

பொன்னையா அந்தப் புள்ளிகளைப் பற்றிக் கவலைப்படவில்லை. பழைய பஸ் சீற்றுத் தோலை வெட்டி, இலவம்பஞ்சு அடைத்து, கோணி ஊசியால் இரண்டு சோடி கையுறை தைத்தான். ஒன்று தனக்கு, மற்றது வரப்போகிற ஆளுக்கு. ஆளே இல்லை, அவனுக்குக் கையுறை தயார்.

மீனம்மாவின் கண் முழுக்கக் குத்தகை வயலில் இருந்தது. ஒன்றரை ஏக்கர். இன்னும் எட்டு நாளில் வெட்டலாம். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் அரிவி வெட்டு, கூலிக்கு ஒரு குருவி அகப்படாது. இரண்டு பேரும் நாலு கையால்தான் வெட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த மணிக்கட்டு மறுபடி போனால் கதிர் வயலிலேயே கொட்டும். வருசச் சோறு அது.

அவனிடம் சொல்லிப் பார்த்தாள். "அமெரிக்காக்காரனுக்கு என்னை விட ஒரு வயசுதான் குறைவு" என்றான். அதனால் செவ்வாய்க்கிழமை காலை, விறகுக்குப் போறேன் என்று பொய் சொல்லிவிட்டு, பெடியள் கேட்டு வைத்திருந்த மூன்று பேரையும் ஒவ்வொருத்தராய்த் தடுக்கப் புறப்பட்டாள்.

முதல் ஆள் நெல்லுக் களஞ்சியத்தில் மூட்டை அடுக்குகிற சிவராசா. தேக்குக்குற்றி மாதிரி உடம்பு. அவள் வாயைத் திறக்க முதலே அவன் கையை விரித்தான்.

"மீனம்மாக்கா, நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். மனுசிக்கு ஆறு மாசம். நேற்று வேலிக்குள்ள சாரைப்பாம்பு கிடந்தது, பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடெண்டு கும்பிட்டுப் போகவிட்டனான். பாம்புக்கே அடிக்காதவன் பொன்னையாண்ணைக்கு அடிப்பனே?"

"நீர் அடிக்காட்டியும் அவர் அடிப்பாரே."

"அதுதானக்கா பெரிய யோசனை."

ஒன்று முடிந்தது. இரண்டாவது ஆள், சைக்கிளில் பேக்கரிப் பாண் பெட்டி கட்டிக்கொண்டு திரிகிற கணபதி. வாய்க்கால் பாலத்தில் மறித்தாள்.

"நான் வாறனெண்டுதான் சொன்னனான் அக்கா. ஒரேயொரு கதை, முகத்தில குத்தப்படாது. திங்கக்கிழமை பொம்பிளை பாக்கப் போறம்."

"முகத்தில குத்தாம அது என்ன பொக்சிங், தம்பி? கடைசியா அவரோட குத்தின ஆளுக்கு மூக்கு இண்டைக்கும் காதுப் பக்கமாத்தான் பாக்குதாம்."

கணபதி தன் மூக்கைத் தடவிப் பார்த்தான். "அண்ணையிட்ட சொல்லுங்கோ, எனக்குப் பாண் வேலை கூடிப்போச்செண்டு."

மீனம்மாவுக்கு நடை லேசாகிவிட்டது. இனி வீரகத்தியரின் மகன் ரஜிதன் ஒருத்தன்தான். வீரகத்தியர் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக்குக் கீழ் அரசாங்கக் காணி கிடைத்து வந்து வேரூன்றினது. வயல், கிணறு, கல்வீடு எல்லாம் உண்டு. மகனுக்கு இருபத்திரண்டு வயது, ஆறடி உயரம், கரப்பந்தில் எழும்பி அடித்தால் பந்து வெடிக்கும்.

படலையைத் திறந்தபோது தாய் சிவனேஸ்வரி முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தா.

"மீனம்மாவே? வா. என்ன இந்தப் பக்கம்?"

"ரஜிதன் தம்பியோட ஒரு கதை இருக்கம்மா."

"பொக்சிங் கதையெண்டா நீ அலைய வேண்டாம். நான் மறிச்சுப்போட்டன். அவன் வரமாட்டான்."

தலையில் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது மீனம்மாவுக்கு. சரியம்மா என்று சொல்லி ஒரு அடி பின்னாலும் வைத்தாள். சிவனேஸ்வரி அதோடு விட்டிருக்கலாம்.

"குறை நினையாதை பிள்ளை. உன்ர மனுசன் நல்ல உழைப்பாளி, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா ஊர்ச்சனம் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்க, எங்கட பொடியன் ஒரு தோட்டக்காட்டானோட கட்டிப் பிடிச்சு உருண்டு... இவன் வெண்டா கிழவனுக்கு அடிச்சவன் எண்டுவினம். தோத்தானெண்டா, ஐயோ, பிறகு ஆர் வீட்டில போய்க் கலியாணம் பேசுறது?"

"கட்டிப் பிடிச்சு உருள்றது மல்யுத்தம் அம்மா. இது பொக்சிங்."

"எல்லாம் ஒண்டுதான்."

திரும்பிப் போ, நீ கேட்டு வந்தது கிடைச்சாச்சு என்று மீனம்மா தனக்குள்ளேயே சொன்னாள். கால் திரும்பவில்லை. சுளகில் அரிசி மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்தது.

"இந்த அரிசி போன போகத்து நெல்லுத்தானே அம்மா?"

"ஓம். ஏன்?"

"மழை இருட்டிக்கொண்டு வரேக்க உங்கட கதிர்க்கட்டை ஆர் தலையில சுமந்தது? அவரும் நானும்தானே? அந்தக் கை பட்ட நெல்லு உங்கட வாய்க்குள்ள போகலாம். அதே கை தம்பியின்ர முகத்தில படக்கூடாதோ?"

சுளகு நின்றது. "எடியேய், என்ர பிள்ளைக்கு அடிக்க விடுங்கோ எண்டு கேட்கவே வந்தனீ?"

அவள் எதற்கு வந்தாள் என்று அவளுக்கே இப்போது சொல்லத் தெரியவில்லை. ஆனால் வாய் நிற்கவில்லை. "சங்கக்கடைப் பலகையில புள்ளி போட்டுக் கிடக்கு. நான் போய் எழுதுவிக்கிறன் அம்மா. வீரகத்தியரின்ர மகனுக்கு நாப்பத்தாறு வயசுக் கிழவனைக் கண்டு வயித்தாலை போகுது, அதாலை வரமாட்டார் எண்டு."

கிணற்றடிப் பக்கத்திலிருந்து ரஜிதன் தலை சொட்டச் சொட்ட வந்தான். "ஆருக்கு வயித்தாலை போகுது?"

"தம்பிக்குத்தான்."

"நான் எங்கயடா அப்பிடிச் சொன்னன்?" என்று சிவனேஸ்வரி எழும்பினா. "ரஜிதன், நீ உள்ள போ!"

"போகேல்லை. கரப்பந்துப் பெடியள் கேள்விப்பட்டா நான் வெளியில திரியேலுமே? மீனம்மாக்கா, என்ர பேரை எழுதச் சொல்லுங்கோ."

"எழுது, எழுது! ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஒத்தடம் குடுக்க நீயே வந்து நில்லடி!"

"வருவன் அம்மா. சுடுதண்ணி வைச்சிருங்கோ."

அவள் நேரே சங்கக்கடைக்குப் போனாள். பெடியன் புள்ளிகளை அழித்துவிட்டு "வீ. ரஜிதன்" என்று எழுதும்வரை பக்கத்திலேயே நின்றாள். வாய்க்கால் கரையால் திரும்பி வரும்போதுதான் தங்கள் வயல் கண்ணில் பட்டது. கதிர் எல்லாம் தலை சாய்த்து நின்றது. காற்றுக்கு ஒரு பக்கமாய் அசைந்தது. மீனம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பாம்புக்கு இரங்குகிறவனையும் முகத்துக்குப் பயப்படுகிறவனையும் தட்டிக் கழித்துவிட்டு, ஆறடி உயரத்தில் இருபத்திரண்டு வயதுக் காளையைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

பொன்னையா வேப்பமரத்தில் உமிச் சாக்கைக் கட்டிவிட்டுக் குத்திக்கொண்டிருந்தான். வலது கையை மெல்லவாய்த்தான் போடுகிறான் என்பதை அவள் கவனித்தாள்.

"ஆள் கெடைச்சாச்சு. வீரகத்தியர் மகன். பலகையில எழுதியும் ஆச்சு."

மனுசன் துள்ளுவான் என்று நினைத்தாள். அவன் சாக்கைப் பிடித்து நிறுத்தினான். முகம் சுருங்கிப்போனது.

"ரஜிதனா? அவன் எடது கைக்காரனாச்சே, புள்ள!"

"இருந்தா என்ன?"

"எடது கைக்காரனோட எனக்கு எப்பவுமே ஒத்து வராது. குத்து எந்தப் பக்கத்தால வரும்னே தெரியாது. சிவராசா என்ன ஆனான்? கணபதியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

மீனம்மாவுக்கு இந்த மனுசனோடு இருபத்தாறு வருசம். "அவங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையாம்."

"ரெண்டு பேருக்குமேயா?"

அவள் கூரையில் செருகியிருந்த இரண்டு அரிவாளையும் உருவினாள். ஒன்றை அவன் கையில் திணித்தாள்.

"என்னாத்துக்கு?"

"வயலுக்கு. வாங்க."

"இன்னும் பச்சை இருக்கே. எட்டு நாளுன்னு நீதானே சொன்ன? இப்ப வெட்டினா நெல்லுக் குத்துறப்ப எல்லாம் நொறுங்கிக் குறுணலாப் போயிரும்."

"போவட்டும். வருசம் முழுக்கக் குறுணக் கஞ்சி குடிப்போம். ஞாயித்துக்கிழமைக்குப் பொறகு உங்க கை எந்தக் கோலத்துல இருக்குமோ, அதுக்கு முன்னாடி அறுத்து முடிச்சிரணும்."

"அப்ப பயிற்சி?"

"குனிஞ்சு அறுங்க. அதான் பயிற்சி."

வெயில் சாய்வதற்குள் ஒரு பாத்தி விழுந்தது. குறை சொல்லக் கூடாது, மனுசன் கையில் பழைய வேகம் இருந்தது. ஆனால் வாயும் ஓயவில்லை. எடது கைக்காரன், எடது கைக்காரன் என்று கதிரோடு கதைத்துக்கொண்டே வெட்டினான். வரம்பில் ஏறினதும் அவள் பக்கம் திரும்பினான்.

"புள்ள, ஒரு நிமிசம். வலது கையை முன்னாடி நீட்டு, அந்த எடது கையை இப்படித் தாடைகிட்ட மடக்கி வை. அவன் எப்படி நிப்பான்னு பாத்துக்கிறேன்."

"அரிவாளைக் கீழ வச்சிட்டுக் கேளுங்க."

அவன் வைத்தான். மீனம்மா சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். வெட்டின தாள் காலைக் குத்தக் குத்த, அவன் காட்டின மாதிரியே வலது முட்டியை நீட்டி, இடது முட்டியை மடக்கி வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஒசத்து. அவன் ஆறடி."

"என்னால இவ்வளவுதான் ஏலும். சுருக்காப் பாருங்க, இன்னும் நாலு பாத்தி கெடக்கு."