வாயால் ஊதக் கூடாது

குளிர்விப்புத் தொட்டிகளில் இறங்கிச் சேறு வழித்தே எவோடியோவின் முதுகு போயிற்று. செயற்கை நுண்ணறிவுக் கணினிகள் அடுப்பாய்க் கொதித்தன. அவற்றைக் குளிரவைத்த தண்ணீரும் காற்றாடிகளும்தான் அவருக்குப் படியளந்தன.

இந்த வருஷம் கேரேத்தரோ நகரத்தின் அந்தக் கணினிக் கூடத்துக்குப் புதுச் சில்லுகள் வந்தன. மின்சாரத்துக்குப் பதில் ஒளியை வைத்துக் கணக்குப் போடுகிறவை. சூடு சொற்பம். காற்றாடிகள் பாதிக்குமேல் நின்றன. கூட வேலை பார்த்தவர்களையும் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். ஒளியைக் கொண்டுவரும் கண்ணாடி இழைகளைத் துடைத்து மாட்டும் வேலைக்கு எவோடியோவை மட்டும் சோதித்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். இன்று தேறினால் வேலை. தேறாவிட்டால், வளைந்த முதுகோடு ஐம்பது தாண்டியவரை எந்தக் கொத்தனாரும் கூப்பிடமாட்டார்.

"முட்டை மாதிரி புடிங்க, தோன் எவோடியோ. நசுக்கிப்புடாதீங்க" என்றாள் எஞ்சினியர் அனாயி, பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதையோடு.

"என் பொண்டாட்டி இந்தக் கையில முட்டையே குடுக்கமாட்டா, எஞ்சினியரம்மா."

சிரித்துக்கொண்டே அவள் திரைப்பக்கம் திரும்பினாள். எவோடியோ இழையின் மூடியைக் கழற்றினார். முனையில் தூசி இருப்பதுபோல் பட்டது. குழாயோ திருகாணியோ, மாட்டுமுன் ஊதியே பழகிய வாய். ஃபூ என்று ஊதி மாட்டிவிட்டார்.

திரை சிவந்தது. சோதனைக்குக் கொடுத்த படத்தில் இருந்த மக்காச்சோளக் கதிரை மீன் என்றது கணினி. மேற்பார்வையாளர் லெயோபார்தோ வேகமாக வந்தார்.

"யாரு கை வச்சது?"

யாரும் பார்க்கவில்லை. சில்லில்தான் கோளாறு என்று நழுவியிருக்கலாம். எவோடியோ ஓரடி முன்னே வந்தார்.

"நான்தான். தூசியா இருந்துச்சு. ஊதினேன்."

"ஊதினீங்களா? பொறந்தநாள் மெழுகுவத்தியா அது? கேக்கையும் வெட்டிட்டு அப்படியே வீட்டுக்குக் கெளம்புங்க!"

"நான் வந்த மொத வாரம் இதையேதான் பண்ணேன்" என்றாள் அனாயி. "என்னைய யாரும் வெரட்டல. இவரு சொல்லலேன்னா நாள்பூரா சில்லை நோண்டிக்கிட்டு இருந்திருப்போம்." பேனா போன்ற துடைப்பானை எவோடியோவின் கையில் வைத்தாள். "வாய்க்காத்துல ஈரம் இருக்கு, தோன். முனையில படிஞ்சா ஒளி சிதறிடும். இன்னொருவாட்டி பண்ணுங்க."

மூச்சை அடக்கிக்கொண்டு துடைத்தார். உருப்பெருக்கியில் முனை கறையில்லாமல் தெரிந்தது. மாட்டினார். மக்காச்சோளம் மக்காச்சோளமாயிற்று.

"திங்கக்கெழமை நேரத்துக்கு வாங்க" என்று முனகிவிட்டு லெயோபார்தோ போனார்.

எவோடியோ கணினி அடுக்கில் கை ஊன்றி நின்றார். முன்பெல்லாம் அங்கே கை வைக்க முடியாது, அவ்வளவு அனல். கூட்டாளிகளை வெளியே தள்ளிய சில்லு இது. அந்தக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் இனிச் சேற்றில் குனிய வேண்டாம். அனாயியைப் பார்த்துத் தலையாட்டினார்.

திங்கட்கிழமை, துணியில் சுற்றிய, கோர்தித்தா என்னும் தடித்த மக்காச்சோள ரொட்டிகளோடு வந்தார். உள்ளே சப்பாத்திக்கள்ளிப் பொரியல்.

"என் வீட்டுக்காரி குடுத்துவிட்டா. அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்னு சொன்னா."

கூடத்துக்கு வெளியே, நடைவழியில் நின்று பிரித்தார்கள். ஆவி பறந்தது. அனாயி உதட்டைக் குவித்து ஊதினாள்.

"ஊதாதீங்க எஞ்சினியரம்மா! வாய்க்காத்துல ஈரம்!"

சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது. அந்த வழியாக வந்த லெயோபார்தோ தயங்கி நின்றார்.

"எனக்கு இல்லையா?"

எவோடியோ அவருக்கென்றே எடுத்துவைத்திருந்ததை நீட்டினார்.

"இந்தாங்க. மெழுகுவத்திதான் கொண்டார மறந்துட்டேன்."