சட்டை போட்ட ஆமை

“கட்டுல முதல் சுத்து பிரிக்கப்போறேன். மாட்டுங்க தம்பி, சீக்கிரம்.”

சீனியர் நர்ஸின் கையில் கத்தரிக்கோல் திறந்தே இருந்தது. கண்ணுக்குள் படம் காட்டும் கருவியை நான் கட்டிலில் கிடந்த சிறுமியின் முகத்தில் இறக்கினேன். நெற்றியும் கண்ணும் பாதி மூக்கும் மறைந்தன. பின்பட்டையை இழுத்து இறுக்கி, காதுகளின் மேல் மெத்தைகளை அமுக்கினேன். இன்று ஊசி கிடையாது.

அவளுக்கு எட்டு வயது. கொதிக்கிற தண்ணீர் கவிழ்ந்து, வலது தோளிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோயிருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும். பழைய துணி சதையைப் பிடித்துக்கொண்டுதான் வரும். வளர்ந்த ஆளே ஊரைக் கூட்டிவிடுவான். வலி தெரியாமலிருக்க ஊசி போட்டால், அன்று முழுக்க வாந்தியும் மயக்கமும். அதனால்தான் நான் இந்தக் கருவியோடு வந்தேன். மாட்டிக்கொண்டால் கடலுக்கு அடியில் நீந்தலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் மீன். மனசு மீன் பின்னால் போனால் கையை மறந்துவிடும்.

அதற்கு மீன்பெட்டி என்று பெயர் வைத்தவள் இவள்தான். நான் மீன்பெட்டி மாமா. வார்டில் எல்லோரையும் வேலை வாங்குவதால் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் மேனேஜர்.

இதுவரை எட்டு கட்டு. ஒரு முறைகூடக் கத்தவில்லை. வலியை அளந்து எழுதும் அட்டையில் எட்டு சைபர். சைபர் விழ விழ டாக்டர் ஊசியின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார். இன்று அடியோடு நிறுத்திவிட்டார். இன்றும் சைபர் விழுந்தால், இந்த வார்டில் எந்தக் குழந்தைக்கும் கட்டு மாற்ற ஊசி இல்லை, பெட்டி மட்டும்தான். இரண்டு வருடமாக நான் ஓடிய ஓட்டத்துக்கு ஒரு கையெழுத்து. கையெழுத்துப் போடவேண்டிய தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

கத்தரிக்கோல் இறங்கியது.

“மேனேஜர், என்ன தெரியுது?” என்றேன்.

“மீன்,” என்றாள். உதடு வெளுத்திருந்தது.

“என்ன மீன்டி கண்ணு?” என்றாள் அவளுடைய அம்மா. மகளின் இடது கையைப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை கத்தினால் அம்மாவை வெளியே அனுப்பிவிடுவது இந்த வார்டின் வழக்கம். மீன்பெட்டி வந்த பிறகு இந்த அம்மா ஒரு நாளும் வெளியே போகவில்லை.

“மஞ்ச மீன். அப்புறம்... ஆமை. சட்டை போட்ட ஆமை.”

என் கையிலிருந்த டேப்லெட்டில் ஒரு திமிங்கலம் நீந்திக்கொண்டிருந்தது. அவள் பார்ப்பதுதான் அதிலும் ஓடும். ஆமை எதுவும் காணோம். எனக்குச் சிரிப்பு வந்தது. பலே கற்பனை.

“ஆமைக்கு என்ன சட்டை?”

“ஸ்கூல் சட்டை. பட்டன்... பட்டன் மாத்திப் போட்டிருக்கு.”

அம்மா சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். நர்ஸ் சிரிக்கவில்லை. ஒட்டியிருந்த துணியில் உப்புநீரை ஊற்றிக்கொண்டே, தனக்குத்தானே முணுமுணுப்பதுபோல, “கையைக் கொஞ்சம் தூக்கணுமே,” என்றாள்.

சிறுமி கையைத் தூக்கினாள்.

நர்ஸ் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “காதுல கடல் சத்தம் ஓடுதுன்னீங்க. நான் சொன்னது எப்படிக் கேட்டுச்சு?”

“சவுண்டக் கம்மியா வெச்சிருக்கேன்க்கா.”

“மூஞ்சிய வேற மூடிடுறீங்க. எதப் பாத்து நான் மார்க் போடுறது?”

“சத்தத்த வெச்சுதான். அப்படித்தானே இத்தனை நாளும் போட்டீங்க?”

அவள் குனிந்து துணியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். கடைசித் துணி உரிந்து வந்தது. சிறுமியின் கால்விரல்கள் பத்தும் மடங்கி வெளுத்தன. வாயிலிருந்து ஒரு சத்தம் இல்லை. அம்மா மட்டும் லேசாக முகம் சுளித்து, “மெதுவா புடிடி, கை வலிக்குது,” என்றாள்.

இருபது நிமிடம். புதுக் கட்டு ஏறியது. நர்ஸ் சைபர் போட்டாள். டாக்டர் அங்கேயே, கட்டிலின் கம்பியில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டு என் தோளைத் தட்டினார்.

“அடுத்த கட்டில் பிள்ளைக்கும் ஊசி வேண்டாம்னு சொல்லிட்டேன். பெட்டிய துடைச்சு எடுத்துட்டு வாங்க.”

கழுவும் தொட்டியருகே நின்று பெட்டியைத் திருப்பினேன். கண்ணைச் சுற்றி அமரும் பஞ்சு சொதசொதவென்று ஊறியிருந்தது. வியர்வை என்று நினைத்தேன். துடைத்துவிட்டு, லென்ஸில் கறை இருக்கிறதா பார்க்கக் கண்ணில் வைத்தேன்.

இருட்டு.

பேட்டரியைப் பார்த்தேன். நிறைய இருந்தது. டேப்லெட்டில் திமிங்கலம் இன்னும் ஜாலியாக நீந்திக்கொண்டிருந்தது. யாரும் மாட்டிக்கொள்ளாத பெட்டியிலிருந்து அதற்கு எப்படிப் படம் வரும்?

மூலையில் சின்னதாக ஒரு பட்டன் பச்சையாக எரிந்தது. ‘மாதிரி.’

இரண்டாவது கட்டு அன்று நிர்வாகத்திலிருந்து நாலு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்குக் காட்ட நான்தான் அதை அழுத்தினேன். அழுத்தினால் டேப்லெட்டில் மட்டும் படம் ஓடும், பெட்டி தூங்கிவிடும். திரும்ப அழுத்தி எழுப்ப வேண்டும். நான் எழுப்பவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு கட்டுக்கும் டேப்லெட்டில் மீனைப் பார்த்தேன், திருப்தியாகப் போனேன்.

கட்டிலுக்கு ஓடினேன். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். மேனேஜர் இடது கையால் கட்டில் கம்பியிலிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“மேனேஜர், ஒண்ணு கேக்கட்டா?”

“சீக்கிரம் கேளுங்க. எனக்கு வேலை இருக்கு.”

“அந்த ஆமை... நிஜமாவே தெரிஞ்சுதா?”

அவள் முதலில் வாசலைப் பார்த்தாள். அம்மா இல்லை.

“மொத நாள்தான் மீன் வந்துச்சு மாமா. அப்புறம் கருப்புதான்.”

“எட்டு தடவையுமா?”

“ம். ஆமை அம்மாவுக்காகச் சொன்னது. சொல்லலன்னா அவங்க அழுவாங்க.”

பின்னால், அடுத்த கட்டிலில், நர்ஸ் கத்தரிக்கோலைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. “தம்பி, பெட்டி எங்க?” என்றாள்.

நான் திரும்பாமல் சிறுமியிடம் குனிந்தேன். “ஏம்மா எங்கிட்ட சொல்லல? சொல்லியிருந்தா சரி பண்ணியிருப்பேன். வலிக்குதுன்னு கத்தியிருந்தா ஊசியாவது போட்டிருப்பாங்க.”

“கத்தினா அம்மாவ வெளிய அனுப்பிடுவீங்கல்ல?”

“அப்படி யாரு சொன்னது உன்கிட்ட?”

அவள் ஸ்டிக்கரை விட்டுவிட்டு என்னை விநோதமாகப் பார்த்தாள்.

“நீங்கதான். மொத நாள் பட்டையை மாட்டுறப்ப, காதுல.”