தலைவரின் நாடி

1926-ஆம் வருஷம் ஆவணி மாசத்தில் ஒரு காலை, ஆம்பூர் தனகோடி வைத்தியரின் நாடி நின்றுபோனது. அன்றைக்கு அவர் வழக்கத்தைவிட ஒரு தோசை ஜாஸ்தியாகவே சாப்பிட்டார். உள்ளங்கை சூடாக இருந்தது, கண் தெளிவாக இருந்தது, தோல் டேனரிப் பக்கமிருந்து வந்த ஆவாரம்பட்டை வாடை மூக்கில் நன்றாகவே ஏறியது. வலது மணிக்கட்டில் மட்டும் ஒன்றுமே இல்லை. மூன்று விரலை வைத்து அழுத்திப் பார்த்தார், தளர்த்திப் பார்த்தார், விரலைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டும் பார்த்தார். செத்துப்போயிருந்தால் தனக்குத் தெரியாமலா இருக்கும் என்று முடிவு கட்டி, துண்டை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். அடுத்த வேலையாக, இதைச் செய்தது யார் என்று யோசிக்க ஆரம்பித்தார்.

யோசிக்காமல் என்ன செய்வார், அவர் நிற்கிற தேர்தல் நெருங்கிவிட்டது. வேலூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் பாலாற்றங்கரையில் கசாயம் காய்ச்சுகிறவர்கள், எலும்பு கட்டுகிறவர்கள், யுனானி ஹக்கீம்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வைத்தியர் சங்கம். அதன் வட்டாரத் தலைவரை முன்பெல்லாம் கடுக்காய் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டியிடுகிறவருக்கு ஒரு பானை, வோட்டுக்கு ஒரு கடுக்காய். கடுக்காய் இல்லாத வைத்தியர் வீடு கிடையாது என்பதால் செய்த ஏற்பாடு. தோல் பதனிடுகிற ஊரில் கடுக்காய் இல்லாத டேனரியும் கிடையாது என்பது அந்த மேதாவிகள் ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை. தனகோடியின் அப்பா காசிநாதன் வைத்தியர் நின்ற வருஷம், எதிராளியின் பானையில் சங்கத்து ஆட்களைவிடக் கடுக்காய் ஜாஸ்தியாக இருந்தது, பாதிக்கு மேல் பச்சைத்தோல் நாற்றம். அதையும் எண்ணித்தான் தோற்கடித்தார்கள். மனுஷர் அந்த அவமானத்திலேயே போய்ச் சேர்ந்தார். அப்பாவுக்குக் கிடைக்காத அந்த நாற்காலியில் ஒரு நாளாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்பதுதான் தனகோடிக்கு இருந்த ஒரே ஆசை. அப்பா தோற்ற அந்தத் தேர்தலுக்குப் பிறகு பானையை ஒருத்தரும் நம்பவில்லை. புது வழக்கம் வந்தது: போட்டியிடுகிறவர் சபை நடுவில் உட்கார்ந்து, யாரையும் ஆசை காட்டி இழுக்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். அந்த நேரம் சங்கத்தார் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துப் பார்ப்பார்கள். யாருடைய நாடி துள்ளாமல் இருக்கிறதோ அவர்தான் தலைவர்.

இப்போது நாடியே இல்லை. சபையில் கையை நீட்டினால், வைத்தியர்கள் கூடிப் பார்த்துப் பிணம் என்று சொல்லிவிடுவார்கள். பிணம் எப்படித் தலைவராவது? எதிர்த்து நின்ற ஹக்கீம் ஷபீ அஹமதுவின் மேல் முதலில் சந்தேகம் வந்தது. பிறகு கிணற்றுத் தண்ணீர் மேல், பால்காரர் மேல், எதிர்வீட்டு ஜன்னல் மேல். எல்லாம் சுற்றிவிட்டுச் சந்தேகம் கடைசியில் வந்து நின்ற இடம் அவருடைய சொந்தச் சமையல்கட்டு. மனைவி செண்பகம் ஆரம்பத்திலிருந்தே, “அந்த நாற்காலியாலதான் மாமா போய்ட்டாரு. உங்களுக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?” என்று சொல்லிக்கொண்டிருந்தவள். கொஞ்ச நாளாகத் தூக்கமில்லை என்று வேறு முனகிக்கொண்டிருந்தாள். வைத்தியம் பார்க்கிற சாக்கில் அவளுடைய இடது கையைப் பிடித்தார். இரண்டு நாடி ஓடியது.

இரட்டை நாடி என்றால் வைத்தியனுக்கு ஒரே அர்த்தம்தான். செண்பகத்துக்கு வயசு ஐம்பதைத் தாண்டிவிட்டது, பேரன் பேத்தி எடுத்தவள். ஆனாலும் அந்த வெட்கங்கெட்ட மனுஷன் வாயைத் திறக்காமல், வீட்டுக்கு வந்துபோகிற ஆம்பளைகள் முகத்தையெல்லாம் ஒவ்வொன்றாக மனசில் நிறுத்திப் பார்த்தார். மறுநாள் மறுபடியும் கையைப் பிடித்தார். ஒரு நாடி சீராக நடந்தது. இன்னொன்று நாலு அடி வைத்து ஒரு அடி நொண்டியது. சின்ன வயசில் விஷக்காய்ச்சல் வந்ததிலிருந்து அப்படி நொண்டுகிற நாடி இந்தப் பூமியில் ஒன்றுதான் உண்டு. அவருடைய நாடி.

“என்னுதத் திருடி வச்சிக்கினு இருக்கிறியா? நான் நிக்கக் கூடாதுன்னுதானே?” என்று கத்தினார். “எனக்கு இன்னா தெரியும்? உங்களுதுன்னா எடுத்துக்கினு போங்க. தூங்க வுடாம அடிச்சிக்கினு கெடக்குது” என்றாள் செண்பகம், அரிசி களைந்துகொண்டே. எண்ணெய் தடவி நீவிப் பார்த்தார், பற்றுப் போட்டுப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். அது வரவில்லை. அவருக்கு அவள்மேல் வந்த கோபமும் போகவில்லை.

தேர்தல் வேலூர் லாங் பஜாரில், ஒரு மண்டியின் மாடியில் நடந்தது. ஹக்கீம் முதலில் உட்கார்ந்தார். ரம்ஜானுக்கு நாலு வைத்தியர் வீட்டுக்குப் பிரியாணி அனுப்பியது சத்தியம் செய்கிற நேரத்தில் ஞாபகம் வந்ததோ என்னவோ, அவருடைய நாடி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது. பிறகு தனகோடி வேர்த்து வழிந்துகொண்டு கையை நீட்டினார். மாதனூர் பெருமாள் வைத்தியர்தான் சங்கத்தில் மூத்தவர். அவர் விரலை வைத்தார், ஒன்றும் தட்டவில்லை. தன் விரல்தான் மரத்துப்போய்விட்டது, வெளியில் தெரிந்தால் இனி ஒரு நோயாளி படியேற மாட்டான் என்று அவருக்கு உதறல் எடுத்தது. இல்லை, தன்னைச் சோதிக்க இந்த ஆம்பூர்க்காரன் ஏதோ தந்திரம் பண்ணுகிறான் என்றும் தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “வாதம் கொஞ்சம் ஜாஸ்தி. மத்தபடி ஆடாம நடக்குது” என்றார். பெரியவரே சொன்ன பிறகு அடுத்தவர் சும்மா இருப்பாரா? அன்னம் மாதிரி நடக்கிறது என்றார். அதற்கடுத்தவர் பித்தம் ஆமை மாதிரி அடங்கி இருப்பதாகச் சொன்னார். ஒவ்வொருத்தரும் பக்கத்து ஆளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இல்லாத நாடியைப் புகழ்ந்தார்கள்.

கடைசியில் ஹக்கீம் ஷபீ அஹமது வந்து பிடித்தார். ரொம்ப நேரம் விடவில்லை. தனகோடியின் முகத்தையே பார்த்தார். முடிந்தது கதை என்று தனகோடி நினைத்தார். ஹக்கீம் கையை மெதுவாக மடியில் வைத்துவிட்டு, “நல்லா இருக்குது” என்று சபைக்குச் சொன்னார். மாலை போடும்போது காதருகே குனிந்து, “வைத்தியரே, வூட்ல அம்மாவ நல்லா பார்த்துக்குங்க” என்றார்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு தலைவர் எட்டு வருஷம் வெந்தார். என் வீட்டம்மாவைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும்? எப்படித் தெரியும்? விசாரித்ததில், தூக்கத்துக்கு மருந்து கேட்டுத் தேர்தலுக்கு முன்னால் ஒருநாள் செண்பகம் ஹக்கீமின் மனைவி மஹ்பூபியிடம் போனதும், ஹக்கீம் கை பார்த்ததும் தெரியவந்தது. அன்றிலிருந்து அவள் காய்ச்சிய கஞ்சியைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடித்தார். சங்கத்தில் அவர் வைத்தது சட்டம், ஸ்டேஷனில் மாலை, ஊர்வலத்தில் முதல் ஆள். வெயில் காலத்திலும் மணிக்கட்டில் துண்டு. வேலூரில் அவர் ஒரு பொய் சொன்னால் ஆம்பூரில் செண்பகத்தின் கை துள்ளி, குழம்புக் கரண்டி கீழே விழும். தலைவரான பிறகு அந்த வீட்டில் நிறையக் கரண்டிகள் விழுந்தன. அவள் ஒரு தடவைகூட அவரிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

1934-இல் மாசி மாசம் செண்பகம் செத்துப்போனாள். உடம்பு குளிர்ந்து, வாசலில் பாடையும் கட்டியாகிவிட்டது. ஆனால் சங்கத்தார் வந்து இடது கையைப் பிடித்தபோது நாடி அடித்துக்கொண்டிருந்தது. நாலு அடி, ஒரு நொண்டல். நாடி ஓடுகிற உடம்பைத் தூக்கக் கூடாது என்பது தலைவரே வைத்த சட்டம். வெயில் ஏறியது, ஈ மொய்த்தது, பெண்கள் அழுது ஓய்ந்துவிட்டார்கள், பெருமாள் வைத்தியர் தலைவரைப் பார்த்தார். தனகோடி சுற்றி நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். இவனுக்குத் தெரியுமா, அவனுக்குத் தெரியுமா என்று பழக்கதோஷத்தில் தேடினார். வாயைத் திறந்தால் நாற்காலி போகும், அப்பாவைப் பார்த்துச் சிரித்த மாதிரி ஊர் சிரிக்கும். திறக்காவிட்டால் அவள் இப்படியே கிடப்பாள். அவள் காலடியில் பொத்தென்று உட்கார்ந்து, துண்டை அவிழ்த்துப் போட்டார்.

“அது என்னுது” என்றார். “அன்னைக்கு என் கையில ஒண்ணும் இல்ல. நீங்க புடிச்சது வெறுங்கை.”

யாரும் ஆச்சரியப்படவில்லை, பலர் தரையைப் பார்த்தார்கள். “எனக்கு அன்னைக்கே தெரியும் வைத்தியரே” என்றார் ஹக்கீம். “உங்க முகத்தப் பார்த்தேன். தோத்துட்டு இறங்கி வந்தாரே உங்க அப்பா, அதே முகம். காட்டிக்குடுக்க மனசு வரல.” பெருமாள் வைத்தியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்களுதுன்னா எடுத்துக்குங்க. அம்மாவ அனுப்பிடலாம்” என்றார்.

தனகோடி தன் மணிக்கட்டை அவள் மணிக்கட்டின் மேல் வைத்தார். எத்தனை எண்ணெய்க்கும் அதட்டலுக்கும் வராதது, இப்போது தானாக அவர் தோலுக்கு அடியில் வந்து தட்டியது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். “வேணாம். எட்டு வருஷம் இவளச் சந்தேகப்பட்டேன், பாவி. இவதான் தூங்காம வச்சிக்கினு இருந்தா. இவகூடவே போவட்டும், தனியா அனுப்ப மாட்டேன்” என்று சொல்லி வாய்விட்டு அழுதார். சட்டத்தையும் அவரே எடுத்துவிட்டார். அவர்கள் வகையறாவில் புதைப்பதுதான் வழக்கம். பாலாற்று ஓரத்தில், நாடி ஓட ஓடவே புதைத்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் ஹக்கீம் தலைவரானார். தனகோடி பின்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். தினமும் காலையில் பாலாற்றுக்குப் போய், அவளுடைய இடது கை இருக்கிற இடத்தில் மணலில் மூன்று விரலை வைப்பார். அங்கே ஓடுகிற நாடியில் பித்தம் ஏறியிருந்தால் வீட்டுக்கு வந்து சீரகத் தண்ணீர் குடிப்பார், சளி கட்டியிருந்தால் அன்றைக்குத் தயிர் கிடையாது. டேனரிக்குப் போகிற ஆட்கள் காலுக்கடியில் அந்த நொண்டல் தட்டினால் கொஞ்சம் விலகி நடந்துகொண்டார்கள். இப்படியே சில வருஷம் போனது. ஒரு தை மாசக் காலை விரலை வைத்தார், மணல் பேசாமல் இருந்தது. அழுத்திப் பார்த்தார், தளர்த்திப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் வந்து, ஹக்கீம் வீட்டு வாசலில் நின்று, “நின்னு போச்சு ஹக்கீம், நான் போய்ப் படுத்துக்கிறேன்” என்று சொன்னார். சங்கத்தார் சாயங்காலம் வந்தார்கள். கையை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை.