அண்ணன் கல்லின் பள்ளம்

ஏழு வருடம் கரடியாகக் கத்தியதற்குக் கடைசியில் ஒரு பலன் கிடைத்தது. தயாரிப்பு நின்றுபோன பழைய கத்தி தீட்டும் கல்லை மறுபடியும் போடலாமா என்று யோசிப்பதாகக் கம்பெனியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. போடவே கூடாது என்கிற ஆட்களும் தீட்டுக்கல் சேர்க்கிற எங்கள் கூட்டத்தில் உண்டு. புதிது வந்துவிட்டால் அவர்கள் அலமாரியில் இருப்பதற்கு மவுசு போய்விடுமாம். வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள்! நல்ல கல் என்றால் நாலு பேர் கைக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. இப்படிப் பேசுகிற நானே அந்தக் கல்லில் மூன்றைப் பெட்டி பிரிக்காமல் வைத்திருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கத்தி பிடித்து ஒரு வேலையும் செய்தவனில்லை. ஆனாலும் வீட்டில் நாற்பத்தொரு கல். "அலமாரி நிறைய தீட்டுக்கல்லு, தக்காளி நறுக்க ஒரு கத்தி இல்ல. வெளிய சொன்னா சிரிப்பாங்க" என்பாள் என் மனைவி. அதற்கெல்லாம் நான் அசைந்ததில்லை.

கடிதத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பழைய கலவை இப்போது யாருக்கும் தெரியாதாம். பழைய கல் ஒன்றை அனுப்பினால் சோதித்துவிட்டுத் திருப்பித் தருவார்களாம். என் மூன்றில் ஒன்றைப் பிரித்திருக்கலாம். பெட்டியை எடுத்து, ஒட்டியிருந்த காகிதத்தில் நகத்தைக்கூட வைத்துவிட்டேன். மனசு வரவில்லை. அப்போதுதான் அண்ணியின் ஞாபகம் வந்தது.

அண்ணன் கறிக்கடைக்காரர். இருபத்தாறு வருடம் அந்தக் கம்பெனிக் கல் ஒன்றில்தான் கத்தி தீட்டினார்; தேய்ந்து தேய்ந்து நடுவில் பள்ளமே விழுந்திருந்தது. அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாக அண்ணிதான் கடையை நடத்துகிறார். அவரிடம் போய்க் கல்லைக் கேட்டேன்.

"கல்லைக் குடுத்துட்டு நான் எதுல தீட்டறது தம்பி? எனக்கு யாரும் கத்துக் குடுக்கல. இந்தப் பள்ளத்துல கத்திய வச்சா அதுவே இழுத்துட்டுப் போகும்."

"ஒரே மாசம் அண்ணி. அதுவரைக்கும் கத்திய இரும்புக்கம்பியில தேய்ச்சு ஓட்டிக்குங்க. போன மாதிரியே திரும்பி வரும். நான் பொறுப்பு."

அண்ணி கல்லைக் கழுவி, துணியால் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். வாங்கிய கையோடு பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய கல் கைக்கு வந்தால் முதலில் அதைச் சமப்படுத்துவோம். நடுவில் குழிந்த கல்லைப் பார்த்தாலே எங்களுக்குக் கை அரிக்கும். சமப்படுத்தி அனுப்பு என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் குழிந்த கல்லைப் பார்த்து கம்பெனிக்காரன் என்னைப் பற்றி என்ன நினைப்பான்? கண்ணாடிப் பலகையில் கரகரப்பான பொடியைத் தூவி, தண்ணீர் விட்டு, மூன்று நாள் தேய்த்தேன். சாம்பல் நிறச் சேறு குளியலறைத் தரையில் வழிந்து ஓடியது. கல்லின் கனம் பாதியாகக் குறைந்தது. ஆனால் அளவுகோலை நிறுத்திப் பார்த்தால் அடியில் வெளிச்சம் தெரியவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்படியே கம்பெனிக்கு அனுப்பிவைத்தேன்.

மாதம் முடிவதற்குள் பார்சல் வந்தது. அண்ணன் கல் பத்திரமாக இருந்தது. கூடவே, முதல் முதலாகப் போட்ட புதுக்கல் ஒன்று, எனக்கு அன்பளிப்பு. அப்படியே பழசின் அச்சு. மதியம் கூட்டம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து இரண்டையும் எடுத்துக்கொண்டு கறிக்கடைக்கு ஓடினேன்.

அண்ணி வெட்டுக்கட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "வந்துடுச்சா!" என்று கையைக் கழுவிவிட்டு வந்து பிரித்தார். கட்டைவிரலால் கல்லை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார். திருப்பிப் போட்டுத் தடவினார். மறுபடியும் முதல் பக்கம்.

"இது வேற கல்லு தம்பி."

"அதேதான் அண்ணி. கோணல்மாணலா இருந்துச்சு, சமமாக்கிட்டேன்."

அவர் கல்லை மேசைமேல் வைத்தார். சுவரில் வரிசையாகத் தொங்கிய ஏழு கத்தியில் பெரியதை எடுத்துக் கல்லில் வைத்தார். கத்தியின் வயிறு மட்டும்தான் கல்லில் பட்டது. முனையும் அடியும் தூக்கிக்கொண்டு நின்றன. இழுத்தபோது கத்தி டக்கென்று ஆடியது. அந்தப் பள்ளத்திலேயே தேய்ந்து தேய்ந்து அதற்கேற்ற வளைவுக்கு வந்துவிட்ட கத்தி அது. நாற்பத்தொரு கல் வைத்திருக்கிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"புதுசும் கொண்டாந்திருக்கேன் அண்ணி. அச்சு அசல் அப்படியே பழசுதான். ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது."

"பள்ளத்தையும் போட்டுக் குடுத்திருக்காங்களா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் ஈரத்துணியால் மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"மூணு வருஷமா தினமும் காலைல அவர் கூடத்தான் தீட்டிட்டு இருந்தேன் தம்பி. உங்களுக்கு அது கோணலாத் தெரிஞ்சிருக்கு."

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. ஆனால் போகவும் முடியாது. மழுங்கிப்போன கத்திகளோடு நாளைக் காலை கடை திறந்தாக வேண்டும். "கத்தியைக் குடுங்க அண்ணி. சமமான கல்லுக்குத் தோதா நேராக்கித் தந்துடறேன். வேற வழியில்ல" என்றேன்.

"எடுத்துட்டுப் போங்க. அதுல மட்டும் அவரை எதுக்கு மிச்சம் வைக்கணும்."

ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். அன்று சாயந்திரம் வரை குளியலறையில் உட்கார்ந்து தேய்த்தேன். பெட்டி பிரிக்காமல் வைத்திருந்த மூன்றில் ஒன்றைப் பிரித்து, அதில்தான் தேய்த்தேன். அண்ணனின் வளைவு ஒவ்வொரு கத்தியிலிருந்தும் சேறாகக் கரைந்து போனது. மனைவி வாசலில் வந்து பார்த்தாள். எப்போதும் ஏதாவது சொல்கிறவள், அன்று விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள்.

முடித்துவிட்டு எண்ணிப் பார்த்தேன். ஆறு கத்திதான் இருந்தது. காகிதத்தை உதறிப் பார்த்தேன், பைக்குள் தேடினேன்.

மறுநாள் காலை கடையில் ஆறையும் கொடுத்தேன். அண்ணி வாங்கி மாட்டினார். ஏழாவது ஆணியில் அந்தப் பெரிய கத்தி, மழுங்கியது மழுங்கியபடியே தொங்கியது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்ததும், அண்ணி நகர்ந்து வந்து அதை மறைத்துக்கொண்டு நின்றார்.