வெட்டிய படத்தின் கீழ்ப்பாதி

1

"ஏத்தா, இந்தப் பிளேன் இறங்குதா, விழுகுதா?"

பேச்சாயி கேட்ட இந்தக் கேள்வியிலிருந்துதான் கதை வந்தது. கேட்கப்பட்டவள் அறிவுச்செல்வி. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃபிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் படம் வெட்டுகிறவள். (அவள்தான் இதை எழுதுகிறாள். 'நான்' என்று எழுதினால் பேனா நகரமாட்டேன் என்கிறது. 'அவள்' கொஞ்சம் தைரியமானவள்.)

2

'2004ஆம் வருடம், உச்சி வெயிலில்...' வேண்டாம். வெயிலை எழுதினால் பயம் காய்ந்துவிடுகிறது.

பேச்சாயியின் மகன் வீரன் குவைத்துக்கு லாரி ஓட்டப் போகிறான். தெருமுனையில் பிளேன் படத்தோடு வாழ்த்து பேனர் வைக்க வேண்டும். கடைக்காரர் சௌகத் அலி, இன்டர்நெட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த படம் ஒன்றைத் திறந்தார். கம்ப்யூட்டரிலேயே வரைந்த படம். மூன்று விமானங்கள் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு வந்தன.

"வால்ல பாருங்கக்கா, உங்க ஸ்வஸ்திக். இம்புட்டு ராசியான படம் வேற எங்கயும் கெடைக்காது."

"ஆமா பாய், பால் காய்ச்சுற வீட்டுல வரைவாங்கள்ல." பேச்சாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கீழ என்னமோ எரியுது. அதை வெட்டிரு பாப்பா" என்றார் சௌகத் அலி, அறிவுச்செல்வியிடம்.

வெட்டினாள். மிச்சமிருந்த புகையை வெளுத்து மேகமாக்கினாள்.*

* படத்தின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தது அதற்குப் பிறகுதான். ஜெர்மன் என்று ஒரு சொல். பாம் என்று தொடங்கும் இன்னொரு சொல். குண்டு போடுகிற விமானங்கள்.

3

அப்போதுதான் அந்தக் கேள்வி.

குவைத்துக்குப் போகிற டிரைவர்களை எல்லை தாண்டி, சண்டை நடக்கிற ஈராக்குக்கு அனுப்புகிறார்கள் என்று அறிவுச்செல்வி பேப்பரில் படித்திருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த வீரனை அவள் பார்த்தாள். அவன் அம்மாவுக்குத் தெரியாமல் மெல்லத் தலையை ஆட்டினான். சொல்லாதே.

முதல் முடிவு: "இறங்குது பெரிம்மா" என்கிறாள். பேனர் அச்சாகிறது. ஆறே மாதத்தில் வீரனை ஒரு பெட்டியில்

(இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும்.)

இரண்டாம் முடிவு: "குண்டு போடுது பெரிம்மா!" என்று கத்துகிறாள். இவளாவது, கத்துவதாவது! கோடு போட்டு அடித்துவிட்டேன். (அடித்துவிட்டாள்.)

4

நடந்தது இது. அவள் மவுஸைப் பிடித்தாள். வெட்டியதைத் திரும்பக் கொண்டுவந்தாள். அடியில் ஓர் ஊர் எரிந்தது. ஊரைவிட்டு வெளியேறும் சாலையில் லாரிகள் வரிசையாக நின்றன. மூன்று மூக்குகளும் அவற்றைப் பார்த்துத்தான் இறங்கின.

"ஏன் பாப்பா, திருப்பி வச்ச?" என்றார் சௌகத் அலி.

பேச்சாயி எழுந்து வந்து முதல் லாரியின் மேல் விரலை வைத்தாள்.

"ஏலே வீரா, நீ ஓட்டப் போற ரோடு எப்பிடி இருக்கும்?"

"சும்மா படம்மா அது."

"படத்தைக் கேக்கல அப்பு. ஏம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் குவைத்துக்குப் போனானா என்று இவளைக் கேட்காதீர்கள். நீங்களே அவனை அனுப்பி வையுங்கள், அல்லது தடுத்து நிறுத்துங்கள். இவளால் எழுத முடிந்தது இவ்வளவுதான்: வீரன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான்.